கனகலிங்கத்தார் வென்ற ஐரோப்பியக் கிண்ணம்

வாசகரே, இன்று உங்களுக்கு நான் காட்டப்போவது வெற்றிப் பங்காளி என்னும் மனித இனம். இதைத் தேடி நீங்கள் காடு மேடு அலையவேண்டியதில்லை. தேர்தல் முடிவு வந்த மறுநாள், பரீட்சை முடிவு வந்த மறுநாள், எங்காவது ஒரு தேசத்தில் யாராவது ஒரு கிண்ணத்தைத் தூக்கிய மறுநாள், காலையில் உங்கள் ஊர்ச் சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் போனால் போதும். அங்கே ஒருவர், மடிப்புக் கலையாத சேட்டோடும் இரவு முழுக்க மூட்டை சுமந்தவரின் பெருமூச்சோடும் வந்து வாங்கில் உட்கார்ந்து, ஒரு பிளேன்ரீக்குச் சொல்லிவிட்டு, “ஒரு மாதிரி வெண்டிட்டம்” என்பார். யார் வென்றது, எதில் வென்றது, இவர் அதில் எந்தப் பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார் என்றெல்லாம் கேட்காதீர்கள். கேட்டால் சொல்லுவார். அதுதான் ஆபத்து.

மாதிரிக்கு ஒருவரைப் பிடித்துவைத்திருக்கிறேன். இலங்கையின் வடக்கே, வன்னியில் இருக்கும் உடையார்கட்டுக் கனகலிங்கத்தார். கூட்டுறவுச் சங்கமொன்றில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு ஏக்கர் வயல், ஒரு சைக்கிள், இரஞ்சிதம் என்று ஒரு மனைவி, வெளிநாட்டில் ஒரு மகன். இவர் வென்றுகொண்டிருந்தது ஊர்ச் சங்கத் தேர்தலை அல்ல, ஐரோப்பிய றக்பிக் கழகங்களுக்கான கிண்ணத்தை. நாலைந்து தேசத்துக் கழகங்கள் மார்கழியில் மோதத் தொடங்கி, ஒன்றையொன்று வெளியே தள்ளி, வைகாசியில் இரண்டு கழகம் மிஞ்சி, கடைசியில் ஒன்று கிண்ணத்தைத் தூக்கும். அதற்கும் உடையார்கட்டுக்கும் என்ன சம்பந்தம்? உடையார்கட்டுப் பெடியள் உதைபந்து ஆடுவார்கள், கரப்பந்து ஆடுவார்கள், சித்திரை வந்தால் கயிறு இழுப்பார்கள். றக்பி என்றால் கொழும்பிலும் கண்டியிலும் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சேற்றில் கட்டிப் புரளுவது என்ற அளவில்தான் ஊருக்குத் தெரியும். கனகலிங்கத்தாருக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது, மகன் சுகிர்தன் பிரான்சின் தெற்கே ஒரு நகரத்தில் போய்ச் சேரும்வரை.

அந்த நகரத்துக்கு ஒரு கழகம் உண்டு. சுகிர்தனுக்கும் அதற்கும் உள்ள உறவு, மைதானத்துக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடையின் குசினியில் அவனுக்கு வேலை என்பது. ஆட்டம் நடக்கும் நாளில் சனமும் கூடும், கழுவுகிற கோப்பையும் கூடும். வேறொன்றுமில்லை. ஆனால் ஒரு தைப்பொங்கலுக்கு அவன் நீலமும் மஞ்சளும் கோடு போட்ட கழகத்துச் சட்டையொன்றை வாங்கித் தகப்பனுக்கு அனுப்பினான். பார்சலைப் பிரித்த நிமிடத்திலிருந்து கழகம் கனகலிங்கத்தாருடையது ஆகிவிட்டது. அதன் பெயரை இன்றுவரை அவரால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. அதனால் “எங்கட ரீம்” என்றே சொல்லுவார்.

இங்கே ஒரு உண்மையையும் சொல்லிவிடவேண்டும். அதற்கு முன்பு தகப்பனும் மகனும் கதைக்க விஷயமில்லாமல் தவித்தவர்கள். சுகமோ, சாப்பிட்டியோ, அங்க குளிரோ என்று மூன்று கேள்வி, பிறகு தொலைபேசி தாயின் கைக்குப் போய்விடும். அவனுக்கு இருப்பிட அனுமதி அட்டை, எங்கள் பேச்சில் காட், இன்னும் கிடைக்கவில்லை. அது கையில் இல்லாமல் வெளிக்கிட்டால் திரும்பிப் போகமுடியாது. போய் வருசம் பத்துக்கு மேலாகியும் ஒரு தடவைகூட அவன் வீட்டுக்கு வரவில்லை. அந்தக் கதையைத் தொட்டால் இரண்டு பேரும் மறுபடி குளிருக்கே திரும்பிவிடுவார்கள். றக்பி வந்த பிறகுதான் சனிக்கிழமைகளில் அரை மணித்தியாலம் சேர்ந்தாற்போலக் கதைத்தார்கள். அந்த ஒரு காரணத்துக்காக அந்தக் கோணல் பந்துமேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் கனகலிங்கத்தார் அரை மணித்தியாலத்தோடு விடுகிற ஆளா?

மார்கழி மழையில் வயல் வெள்ளமாகக் கிடக்க, மகன் அனுப்பிய இணைப்பைக் கைத்தொலைபேசியில் திறந்து, அதைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, நீல மஞ்சள் சட்டையை மாட்டி, பிளாஸ்ரிக் கதிரையில் உட்காருவார். முதல் ஆட்டம் வெற்றி. “வெண்டிட்டம்.” இரண்டாவது ஆட்டம் தோல்வி. “விசரங்கள், தோத்துப்போட்டாங்கள்.” கவனித்தீர்களா? வெல்லுகிறபோது இவரும் களத்தில் நிற்பார். தோற்கிறபோது அவர்களைத் தனியே விட்டுவிட்டு வெற்றிலை போட வந்துவிடுவார். பக்கத்து வயல்காரன் ராசு, மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்தில் பிறந்தவன், வாய் சும்மா இராதவன். ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் மிக மரியாதையாகக் கேட்டான்: “ஐயா, நீங்கள் எந்தப் பக்கம் நிண்டு விளையாடினனீங்கள்?” கனகலிங்கத்தார் ஒரு கணம் யோசித்ததைக் கடையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

ஊருக்குச் சட்டங்களைப் படிப்பிக்கும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். பந்தைக் கையால் எறிவதென்றால் பின்னுக்குத்தான் எறியலாம் என்றார். பின்னுக்கு எறிந்துகொண்டு எப்படி முன்னுக்குப் போவது என்று கடைக்காரர் கேட்டார். அதுதான் விளையாட்டு என்றார் இவர். இரண்டு பக்கத்திலும் எட்டெட்டுப் பேர் தலையைக் கொடுத்துத் தள்ளுகிற கட்டத்தை விளக்க, ஒரு தட்டில் எட்டு வடையையும் எட்டு இனிப்புப் பணிசையும் முட்டவைத்தார். விளக்கம் முடியமுன்னரே ராசு எதிரணியில் இரண்டு பேரைச் சாப்பிட்டுவிட்டான்.

இவையெல்லாம் வெளியே. வீட்டுக்குள் நிலைமை இன்னும் மோசம். மூன்றாவது ஆட்டத்தில் கழகத்தின் உதைகாரப் பெடியன் தண்ட உதைக்கு ஓடி வருகிற நேரம், குசினியில் இரஞ்சிதம் புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பந்து கம்பங்களுக்கு நடுவால் போனது. அடுத்த உதைக்கு அவர் துருவலையை விட்டெழும்பிப் பூனையைக் கலைக்கப் போனார். பந்து கம்பத்தில் அடித்துத் திரும்பியது. வேறு ஆதாரம் வேண்டுமா? அன்றிலிருந்து பிரான்சில் எவன் பந்தை நிலத்தில் நிறுத்தினாலும் உடையார்கட்டில் தேங்காய் துருவப்படும். சில சனிக்கிழமைகளில் புட்டைவிடத் தேங்காய்ப்பூ கூடுதலாக இருந்தது. மாங்குளத்தில் இருக்கும் சாத்திரியார் ஒருவரிடம் கனகலிங்கத்தார் போய் உதைகாரனின் பிறந்த தேதியைக் கொடுத்துக் குறிப்புப் பார்த்ததும் இந்தப் பருவத்தில்தான். பெயர், பிறந்த ஊர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சாத்திரியார் நீண்ட நேரம் யோசித்து, பெடியனுக்கு அட்டமத்துச் சனி, நாய்க்குச் சாப்பாடு போடச் சொல்லுங்கோ என்றார். அந்தச் செய்தியைப் பிரான்சுக்கு அனுப்ப வழியில்லாததால் கனகலிங்கத்தார் தன்னுடைய நாய்க்கே இரண்டு தரம் போட்டார்.

சித்திரையில் சிறுபோக விதைப்புக்கு முன்னர் வயல்காரரின் கமக்கார அமைப்பு வாய்க்கால் துப்பரவு வைத்தது. வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியோடு வரவேண்டும். கனகலிங்கத்தாருக்கு அன்று காலை இடுப்புப் பிடித்துக்கொண்டது. வருசா வருசம் அதே நாளில் அது பிடிக்கும். அவருடைய பங்குக்கு விழுந்த துண்டையும் ராசுதான் வெட்டினான். பின்னேரம் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க வந்த கனகலிங்கத்தார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “இந்த முறை நல்லா வெட்டியிருக்கிறம்” என்றார்.

அந்தச் சனிக்கிழமைதான் காலிறுதி. கழகம் வென்றது, ஆனால் கடைசி நிமிடத்தில் உதைகாரன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கனகலிங்கத்தார் கதிரையிலிருந்து எழும்பிக் குசினி வாசலில் வந்து நின்று, முகம் வெளிறி, “எங்கட பெடியனுக்கு முழங்கால் போட்டுது” என்றார். இரஞ்சிதத்தின் கையிலிருந்த தேங்காய்ப் பாதி நிலத்தில் விழுந்து உருண்டது. சுகிர்தனில்லை, மற்றப் பெடியன் என்று தெரிந்த பிறகு அவர் தேங்காயைக் கழுவி எடுத்து மிச்சத்தைத் துருவினார். அன்று இரவும் மறுநாளும் அந்த வீட்டில் கோழி மட்டும்தான் கதைத்தது.

அரையிறுதிக்கு முந்திய திங்கட்கிழமை, வைகாசியில் பெரிய பொங்கல் நடக்கும் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போய்வருவோம் என்று கனகலிங்கத்தாரே சொன்னார். இரஞ்சிதம் அவரை ஒரு பார்வை பார்த்தார். கோயிலுக்குப் போகச் சொல்லி அவர் கெஞ்சிய நாட்களிலெல்லாம் இந்த மனிதருக்கு இடுப்புப் பிடித்திருக்கிறது.

இனி நடந்ததைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்து வழக்கமொன்றை மனதில் வையுங்கள். நேர்த்தி வைக்கிறவர் ஒருவர், அதை நிறைவேற்றுகிறவர் இன்னொருவர் என்பது எங்களுக்குப் புதிதல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் நேர்வாள், மொட்டை விழுவது பிள்ளையின் தலையில். கனகலிங்கத்தார் அம்மனின் முன்னால் நின்று, நந்திக்கடல் காற்றில் நூர்வதும் எழும்புவதுமாய் எரிகிற கற்பூரத்தைப் பார்த்தபடி, கிண்ணம் என்ற சொல்லை மீசைக்குள்ளேயே சொல்லிவிட்டு, மிச்சத்தைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொன்னார்: “தந்தாயெண்டால், என்ர மகன் சுகிர்தன் வந்து வைகாசிப் பொங்கலுக்குச் செடில் காவடி எடுப்பான், தாயே.”

செடில் என்றால் சும்மா இல்லை. முதுகுத் தோலில் முள்ளுக் குத்தி, அதில் கயிறு பூட்டி, ஒருவர் பின்னால் இழுத்துப் பிடிக்க, காவடிக்காரர் முன்னால் ஆடிப் போவது. பாற்காவடி என்று சாதாரணமாக நேர்ந்திருக்கலாம். ஆனால் அரையிறுதி அயர்லாந்துக்காரரோடு. சின்ன நேர்த்தி போதாது என்று அவருக்குப் பட்டது. தவிர, காட் இல்லாத மகன் எப்படி வருவான்? அவன் வராதவரை காவடியும் வராது. வேலைக்கு வராத ஆளின் தலையில் வேலையைச் சாட்டிவிடுகிற இந்தக் கெட்டித்தனம் சங்கத்தில் இருந்த காலத்தில் அவருக்குக் கைவந்தது. பாரம் இறங்கிய மனிதராக அவர் வெளியே வந்து செருப்பைத் தேடினார். இரஞ்சிதம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளேயே நின்றார். பஸ் போய்விடப்போகிறது என்று இவர் இரண்டு தரம் இருமவேண்டி வந்தது.

ஊருக்கு வந்ததும் இரஞ்சிதம் செய்த முதல் வேலை, மனுசன் பிள்ளை வரவேண்டுமென்று செடில் நேர்ந்துவிட்டு வந்திருக்கிறார் என்று கிணற்றடியில் சொன்னது. மறுநாள் தேத்தண்ணிக் கடையில் கனகலிங்கத்தாருக்கு எழும்பி இடம் விட்டார்கள். வெளியில் விளையாட்டுக்காரர் மாதிரித் திரிஞ்சாலும் உள்ளுக்குள்ள பெத்த மனம் என்று கடைக்காரர் சொன்னார். ராசுகூடக் கேலி பேசவில்லை. அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவரோ பிளேன்ரீயை ஊதி ஊதிக் குடித்தார்.

வீட்டில் இரஞ்சிதம் திங்கட்கிழமை விரதம் தொடங்கினார். மகனின் அறையைக் கூட்டி, அலுமாரியிலிருந்த பழைய சேட்டுகளைத் தோய்த்து வெயிலில் போட்டார். அந்தச் சேட்டுகள் இனி அவனுக்கு அளவாக இராது என்பது அவருக்குத் தெரியாததல்ல. கொடியில் அவை ஆடுவதைப் பார்க்கிறபோதெல்லாம் கனகலிங்கத்தாருக்கு, அம்மனிடம் பிள்ளையைக் கேட்காமல் பந்தைக் கேட்ட மனிதன் உலகத்தில் தான் ஒருவன்தான் என்று தோன்றியது. இரண்டாந்தரம் போய்த் திருத்திக் கேட்போமா என்றுகூட நினைத்தார். ஆனால் அரையிறுதியில் வென்றுவிட்டார்கள். வேலை செய்கிற நேர்த்தியில் கை வைக்க அவருக்குப் பயமாக இருந்தது.

இறுதியாட்டம் வைகாசிச் சனிக்கிழமை. இங்கே பொழுதுபட்டு விளக்கு வைத்த நேரம், அங்கே நல்ல வெயில். முழங்காலில் கட்டோடு உதைகாரன் இறங்கினான். எண்பது நிமிடமும் இரண்டு பக்கமும் மாடு முட்டுவதுபோல முட்டி, முடிகிற தறுவாயில் கழகம் இரண்டு புள்ளி பின்னுக்கு நிற்க, ஒரு தண்ட உதை கிடைத்தது. உள்ளே போனால் மூன்று புள்ளி. கனகலிங்கத்தார் குசினியைத் திரும்பிப் பார்த்தார். சொல்லவேண்டியிருக்கவில்லை, துருவலைச் சத்தம் கேட்டது. பெடியன் ஓடி வந்து உதைத்தான். பந்து எழும்பி, காற்றில் சரிந்து, போகிறதா போகவில்லையா என்று பிரான்சையும் உடையார்கட்டையும் வதைத்துவிட்டு, கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது.

கிண்ணம் கிடைத்துவிட்டது. கனகலிங்கத்தார் முற்றத்தில் இறங்கி நாயைக் கட்டிப்பிடித்தார். அப்போது வீட்டுக்குள் இருந்த மற்றத் தொலைபேசி அடித்தது. சுகிர்தன்.

“தம்பி, வெண்டிட்டம். பாத்தியோ அந்தக் கடைசி உதை?”

சுகிர்தன் உதையைப் பற்றிக் கதைக்கவில்லை. “அப்பா, காட் கிடைச்சிட்டுது. செவ்வாக்கிழமை கையில தந்தவங்கள். ரிக்கற் போட்டிட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தனான். பொங்கலுக்கு அங்க நிப்பன்.”

கனகலிங்கத்தார் தொலைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். இரஞ்சிதம் மகனோடு அழுது அழுது கதைக்கிற சத்தம் கேட்டது. சீனிப் போத்தலில் சாய்ந்திருந்த கைத்தொலைபேசியில் நீல மஞ்சள் சட்டைக்காரர் கிண்ணத்தைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் பார்க்கவில்லை. சின்னதில் சனிக்கிழமைகளில் தான் எண்ணெய் தேய்த்துவிட்ட ஒரு முதுகுதான் அவருக்குத் தெரிந்தது. நெளிந்து நெளிந்து சிரிக்கும் முதுகு. கூசுது அப்பா, கூசுது அப்பா என்று கத்தும். அதில் முள்ளுக் குத்துவார்கள். எதற்காக? ஒரு பந்துக்காக. அவருக்கு அழுகை வந்தது.

கதைத்து முடித்து இரஞ்சிதம் குசினிக்குள் போனதும், அவரும் பின்னால் போய் வாசற்படியில் நின்றார்.

“இரஞ்சிதம், அவனைக் காவடி எடுக்க விடேலாது. நான் நேர்ந்தது பிள்ளைக்கில்லை. கிண்ணத்துக்கு.”

இரஞ்சிதம் தேங்காய்ப்பூவை ஒரு பக்கம் ஒதுக்கினார். “தெரியும்.”

“தெரியுமோ?”

“பக்கத்தில நிண்டனான்தானே. அம்மனுக்குக் கேக்கிறது எனக்குக் கேக்காதோ? நீங்கள் சொல்லிப்போட்டுச் செருப்புத் தேடப் போனாப் பிறகு நான் சொன்னனான். இந்த மனுசன் கேட்டதைக் கணக்கில எடுக்காத தாயே, பந்து எங்க வேணுமெண்டாலும் போகட்டும், பிள்ளை வீட்டை வரட்டும் எண்டு.” அவர் நிமிர்ந்து கணவனைப் பார்த்தார். “வந்தானெண்டால் இந்த மனுசனே செடில் எடுப்பார் எண்டும் சொன்னனான்.”

கனகலிங்கத்தாரின் கை தன்பாட்டில் முதுகுக்குப் போனது. கிணற்றடியில் ஊருக்கு அவ்வளவு விரைவாகச் செய்தி போனது, இவர் நழுவமுடியாதபடி ஊரையே சாட்சி வைக்கத்தான் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பாற்காவடியாக மாற்ற வழியுண்டா என்று மெல்லக் கேட்டார். அம்மனிடம் போய்க் கேளுங்கோ என்றார் இரஞ்சிதம். இடுப்புப் பிடிப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

சுகிர்தன் வந்தான். முடி கொட்டி முன்தலை வெளித்து, உடம்பு வைத்து, படலையடியில் வந்து நின்றவனைத் தாய் தடவித் தடவிப் பார்த்தார். தகப்பனும் மகனும் முதல் அரை மணித்தியாலம் கடைசி உதையைப் பற்றியே கதைத்தார்கள். அதற்குள் என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

பொங்கலன்று வற்றாப்பளை வீதியில், வெறும் மேலோடு, எலும்பு தெரியும் முதுகில் வரிசையாக முள்ளுக் குத்திக்கொண்டு கனகலிங்கத்தார் நின்றார். கழகத்துச் சட்டையை இடுப்பில் கட்டலாமோ என்று காலையில் கேட்டுப் பார்த்தார், இரஞ்சிதம் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பறை அடித்தது. கயிற்றைப் பின்னால் பிடித்தது சுகிர்தன். முதல் அடி வைத்தபோது வலி கண்ணுக்குள் வெளிச்சமாக அடித்தது. தலையைக் கொடுத்துத் தள்ளுகிற அந்த எட்டுப் பேரையும் அவர் அந்த நேரத்தில்தான் முதல்முறை மரியாதையாக நினைத்தார். நோகுதோ அப்பா என்று மகன் பின்னால் கேட்டபடியே வந்தான். நோகவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். அது பொய். ஆனால் சொந்த உடம்பில் நோவை வாங்கிக்கொண்டு அவர் சொன்ன முதல் பொய் அது. கோயில் வாசலில் முள்ளைக் கழற்றியபோது, வென்றுவிட்டோம் என்றோ எடுத்துவிட்டோம் என்றோ அவர் ஒரு சொல் சொல்லவில்லை. மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டார். இரஞ்சிதம் அவருடைய முதுகில் திருநீற்றை அப்பினார்.

மறுநாள் காலை கனகலிங்கத்தார் கடைக்கு வரவில்லை. குப்புறப் படுத்திருந்தார். ஆனால் வாங்கு வெறுமையாக இருக்கவில்லை. அதில் ராசு உட்கார்ந்திருந்தான். கோயில் வீதியில் கையில் ஒரு செவ்விளநீரோடு பின்னால் வந்தவன், அதையும் பாதி வழியில் தானே குடித்தவன். பிளேன்ரீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சி, முதுகை மெல்ல நிமிர்த்தி, பெருமூச்சு விட்டுச் சொன்னான்: “அந்தக் கடைசி வளைவிலதான் கொஞ்சம் கஷ்டப்பட்டம். எண்டாலும் ஒரு மாதிரி எடுத்துக் குடுத்திட்டம்.” கடையில் இருந்த எல்லோரும், ஓம், நல்லாத்தான் எடுத்தம் என்று தலையாட்டினார்கள்.

வாசகரே, நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? கனகலிங்கத்தார் முதல் அடி வைத்தபோது உங்களுக்கும் கொஞ்சம் நொந்ததல்லவா? கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு பாரத்தை இறக்கி வைத்ததுபோல இருந்ததல்லவா? நல்லது. இப்போது கையைப் பின்னால் கொண்டுபோய் உங்கள் முதுகை ஒருதரம் தடவிப் பாருங்கள். முள்ளுக் குத்தின அடையாளம் ஏதாவது இருக்கிறதா?